சிரிப்பு யார் தலையில் இறங்குகிறது?

ஆரணிப் பட்டு நெய்யும் சேவூரில், தறி ஓடும் வீட்டில் பெரும்பாலும் டி.வி.யும் ஓடும். குழித்தறியில் உட்கார்ந்தவரால் அதைப் பார்க்க முடியாது. கண் பாவில் இருக்க வேண்டும், கை நாடாவில் இருக்க வேண்டும், கால் மிதியில் இருக்க வேண்டும். இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் சேலையில் குறை விழும்; கூலியில் பிடிப்பார்கள். வேலையில்லாமல் இருப்பது காது மட்டும்தான். அந்தக் காதுக்காகத்தான் ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவைச் சேனல்களைப் போட்டு விடுகிறார்கள். கவுண்டமணி, செந்தில், வடிவேலு, விவேக் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருக்க, நாள் முழுக்க நெசவு நடக்கிறது.

சேவூர் என்றில்லை. வயல் வேலை, கட்டட வேலை முடிந்து நம் தெருவுக்குத் திரும்புகிறவர்களும் இரவுச் சோற்றை இந்தக் காட்சிகளோடுதான் சாப்பிடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய காட்சி என்றாலும் அடுத்து என்ன வசனம் வரும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிறது.

பாதி பார்த்தும் பாதி கேட்டும் ரசிக்கும் இந்த நகைச்சுவையில் கடைசியில் மனதில் தங்குவது சொல்தான். நடிகர் முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பது மறந்துபோகும். யார், யாரை, என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பது மறக்காது. அந்தச் சொற்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

சிரிக்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது

சிரிப்புக்கு எதிராகப் பேசுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். உட்கார்ந்து சிரிக்க ஓர் இடம் கிடைப்பதே நம் மக்களுக்குச் சுலபமாக இருந்ததில்லை.

தமிழர்கள் எல்லோரும் சாதி பார்க்காமல் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை நிகழ்ச்சி பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்று எழுதியிருக்கிறார் இலங்கைத் தமிழ் அறிஞர் கா. சிவத்தம்பி. டூரிங் டாக்கீஸில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசுதான் ஆளைப் பிரித்தது. கோயிலுக்குள் நுழைய முடியாதவர்கள் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். என்.எஸ். கிருஷ்ணனையும் சந்திரபாபுவையும் நாகேஷையும் பார்த்து, ஊர்க்காரரும் சேரிக்காரரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது சின்ன விஷயம் கிடையாது.

பிறகு ஊராட்சித் தொலைக்காட்சி வந்தது. அதை வைத்திருந்த கட்டடம் பல கிராமங்களில் ஊர்த்தெருவில்தான் இருந்தது. ஒளியும் ஒலியும் பார்க்கப் போன நம் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். கொட்டகையில் கிடைத்த சமத்துவம் ஊருக்குள் வந்ததும் திரும்பப் பறிபோனது.

2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, ஏழைக் குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. இலவசம் என்று அதைக் கேலி செய்தவர்கள் பலர். ஆனால் நம் தெருவுக்கு அதன் பொருள் வேறு. அடுத்தவர் வாசலில் நிற்காமல், நம் வீட்டில், நம் பாயில் உட்கார்ந்து, நமக்கு வேண்டியதை நாமே தேர்ந்தெடுத்துப் பார்க்கும் உரிமை அந்தப் பெட்டியோடு வந்தது. அப்படி வந்த பெட்டியில் நம்மை யார், எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

யாருக்கு என்ன வேடம்?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த கிராமத்துப் படங்களை இன்று மறுபடி போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கதாநாயகன் பெரிய வீட்டுக்காரர். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர். அவர் சாதி படத்தின் தலைப்பிலேயே சில சமயம் இருக்கும். துணி வெளுப்பவர், முடி வெட்டுபவர், வெட்டியான், பண்ணையாள், மேளக்காரர் ஆகிய வேடங்கள் பெரும்பாலும் நகைச்சுவை நடிகருக்குப் போகும். நாயகனுக்குக் குடும்பம், குலதெய்வம், கண்ணீர் எல்லாம் உண்டு. இவர்களுக்கு அடியும் உதையும் பட்டப்பெயரும்தான். உழைப்பவர் திரைக்கு வந்தாலே சிரிப்பு வர வேண்டும் என்று நம் கண்ணையும் காதையும் பழக்கிவிட்டார்கள்.

கரகாட்டக்காரனை எடுத்துக்கொள்வோம். 1989இல் கங்கை அமரன் இயக்கத்தில் வந்த படம். ஒரு ரூபாய்க்கு இரண்டு வாழைப்பழம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினால், ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்று கேட்டால் கையில் இருப்பதையே காட்டுகிறார். அடி வாங்குகிறவர் அவர்தான். ஆனால் வாதத்தில் ஜெயிப்பவரும் அவர்தான். அதிகாரம் செய்கிறவரைப் புத்தியால் திணறடிப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அந்தக் காட்சிக்கு எத்தனை தடவை சிரித்தாலும் தப்பில்லை.

அதே படத்தில் சொப்பன சுந்தரியும் உண்டு. அந்தப் பெண் திரைக்கு வருவதே இல்லை. அவர் வைத்திருந்த காரை இன்று யார் வைத்திருக்கிறார்கள் என்பதில் ஆரம்பித்து, அவரை யார் வைத்திருக்கிறார்கள் என்பதில் முடிகிறது நகைச்சுவை. கரகம் ஆடும் பெண்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கலையால் வயிறு கழுவுபவர்கள். திருவிழாவில் ஆட வரும் பெண்ணைப் பார்த்துக் கூட்டத்திலிருந்து யாரோ இந்தக் கேள்வியை வீசும்போது அவர் என்ன பதில் சொல்வார்? கூலி வாங்க வேண்டுமே என்று சிரித்துக்கொண்டு ஆடுவார். வாழைப்பழமும் சொப்பன சுந்தரியும் ஒரே படத்தில், ஒரே நடிகர்களால் வந்தவை. இரண்டும் ஒரே வகைச் சிரிப்பு கிடையாது.

நிறத்தைச் சொல்லித் திட்டுவதும் அப்படித்தான். கறுப்பைப் பானைக்கும் சட்டிக்கும் எருமைக்கும் ஒப்பிட்டு வந்த வசனங்களைக் கணக்கிட முடியாது. வெயிலில் உழைத்துக் கறுத்த மக்கள் வாழும் மாநிலத்தில், கறுப்பு ஒரு கேலிப்பொருளாக நாள் முழுக்க ஒலிக்கிறது. கவுண்டமணியும் செந்திலும் வடிவேலுவும் சாதாரணக் குடும்பங்களிலிருந்து உழைத்து மேலே வந்த கலைஞர்கள். அரசியல்வாதியையும் போலிச் சாமியாரையும் பணக்காரரையும் அவர்கள் கிழித்த கிழி கொஞ்சமல்ல. குறை அந்தக் கலைஞர்களோடு முடிவதில்லை. எழுதியவர், எடுத்தவர், சான்றிதழ் கொடுத்தவர், கைதட்டியவர் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரு வசவின் வரலாறு

‘சண்டாளா’ என்ற சொல் இல்லாத பழைய நகைச்சுவைத் தொகுப்பைக் காண்பது அரிது. ‘படுபாவி’க்கு அடுத்த சொல்லாக அது வரும். நம் வீட்டுப் பாட்டிகளும் அதைச் சொல்லித் திட்டுவார்கள். அது யாரைக் குறிக்கும் சொல் என்று பலருக்குத் தெரியாது.

பிராமணப் பெண்ணுக்கும் சூத்திர ஆணுக்கும் பிறந்தவன் சண்டாளன் என்றும், அவன் ஊருக்கு வெளியேதான் வாழ வேண்டும் என்றும் சொல்கிறது மனுதர்மம். சாதி கடந்த உறவின் பிள்ளைக்கு அது கொடுத்த தண்டனைதான் இந்தப் பெயர். இன்றைக்கும் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் சண்டாளர் என்பது ஒரு சாதியின் பெயராக இருக்கிறது. வசவுச் சொல் என்று நாம் நினைத்திருப்பது மனிதர்களின் சாதிப் பெயர்.

2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் இதைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தச் சொல்லை நகைச்சுவைக்காகவும் வசவாகவும் அரசியல் மேடைகளிலும் பயன்படுத்தக் கூடாது, மீறினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி நடவடிக்கை வரும் என்று எச்சரித்தது. சொல்லுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டலாம். நம் தெருக்களை அடையாளம் காட்டப் பயன்பட்ட ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் சும்மா இருப்பதில்லை என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது.

சட்டம் எதுவரை வரும் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே குறிப்பிடுகிறது. ஆனால் பொதுமக்கள் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் பேசியது இதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, வீட்டுக் கதவைத் தாண்டிச் சட்டம் உள்ளே வராது. உள்ளே ஓடும் டி.வி.யையும் அதைப் பார்த்துப் பேசும் பேச்சையும் கவனிக்க வேண்டியது நாம்தான்.

பட்டப்பெயர் பள்ளிக்குப் போகிறது

வீட்டில் கேட்ட சொல் காலையில் பையோடு பள்ளிக்குப் போகிறது. வகுப்பில் கறுப்பாக இருக்கும் பையனுக்கு, முன்பல் எடுப்பாக இருக்கும் பெண்ணுக்கு, அப்பா சாவுக்கு மேளம் அடிக்கும் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சினிமாவே பெயர்களைத் தயார் செய்து வைத்திருக்கிறது. கூப்பிடுகிற பிள்ளைக்கு அது விளையாட்டு. கூப்பிடப்படுகிற பிள்ளை முதல் நாள் சிரித்துவிடும். பத்தாவது நாள் வயிற்றுவலி என்று சொல்லும். ஒரு பருவம் முடிவதற்குள் படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. ஏன் நின்றாய் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது.

பெயர் வைத்துக் கூப்பிடுவது அங்கேயே நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்கள் கொடுத்த சாதித் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பட்டியல் சாதி மாணவரை, அவருடைய வீட்டுக்கே போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குவது, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடுப்பது உள்ளிட்ட பரிந்துரைகளோடு அந்தக் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நாங்குநேரிக்குக் காரணம் நகைச்சுவைக் காட்சி என்று சொல்ல மாட்டோம். ஒருவரைக் கீழாகப் பேசினால் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்ற தைரியம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோம். கைக்கயிறை அவிழ்த்துவிடலாம். நாக்கில் ஏறிய சொல்லை இறக்குவதற்கு வீட்டில் வேலை நடக்க வேண்டும்.

நம் மண்ணின் சிரிப்பு வேறு

கேலி என்றாலே கீழே இருப்பவரை அடிப்பது என்று ஆகிவிட்டது. நம் மாவட்டத்தின் மரபு அப்படி இல்லை. புரிசையிலும் செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்து ஊர்களிலும் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். துரியோதனன் கிரீடத்தோடு வந்து நின்று பெருமை பேசுவான். பக்கத்தில் நிற்கும் கட்டியங்காரன் அந்தப் பெருமையை ஒரே வார்த்தையில் காலி செய்வான். ராஜாவையும் மந்திரியையும், ஊர்ப் பெரிய மனிதரையும் அவன் விடுவதில்லை. அங்கே சிரிப்பு கீழிருந்து மேலே போகிறது.

சினிமாவிலும் அந்த வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணா கதை எழுதி, 1949இல் வெளியான நல்லதம்பி படத்தில், என்.எஸ். கிருஷ்ணன் ‘கிந்தனார்’ காலட்சேபம் நடத்துவார். நந்தனார் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுக்கு அவர் கொடுத்த பதில் அது. நந்தனார் தீயில் இறங்கித்தான் சிதம்பரம் கோயிலுக்குள் போக முடிந்தது. கிந்தனார் ரயில் ஏறிப் பட்டணம் போகிறார். படிப்பு மறுக்கப்பட்ட சேரிப் பையன் படித்து, பள்ளிகளைச் சோதனையிடும் அதிகாரியாகத் திரும்பி வருகிறார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நந்தனை நெருப்பில் இறக்கிய ஏற்பாட்டின் மேல் விழுந்தது. 75 ஆண்டுகள் கடந்தும் அது நம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டிய காட்சி.

2006இல் சிம்புதேவன் இயக்கிய இம்சை அரசன் 23ம் புலிகேசியில், சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானத்தைத் திறந்துவைக்கிறார் வடிவேலு. மக்கள் அடித்துக்கொள்ள, அரசன் லாபம் பார்க்கிறான். சாதியால் யார் பிழைக்கிறார்கள் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. 2012இல் பா. ரஞ்சித் இயக்கிய அட்டகத்தியிலும் படம் முழுக்கச் சிரிப்புதான். சென்னையின் புறநகரில் காதலில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் இளைஞன், அவன் வீடு, அம்மா, குடிகார அப்பா, சாப்பாடு எல்லாம் நம் தெருவில் இருப்பவை. ஆனால் அவன் தெருவையோ நிறத்தையோ வைத்து யாரும் சிரிக்க வைப்பதில்லை. அவனுடைய அசட்டுத்தனம் எல்லா ஊர் இளைஞனுக்கும் உள்ளது.

வடிவேலுவின் பயணத்தையே ஒரு பாடமாகப் படிக்கலாம். 1992இல் தேவர் மகனில் அவர் இசக்கி. பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னார் என்று கோயில் பூட்டைத் திறந்ததற்குக் கையை இழப்பவர். அந்த இசக்கி மாமன்னன் ஆனால் எப்படி இருக்கும் என்ற எண்ணத்தில் பிறந்தது தன் படம் என்று சொன்னார் இயக்குநர் மாரி செல்வராஜ். 2023இல் வந்த மாமன்னனில், பட்டியல் சாதிச் சட்டமன்ற உறுப்பினராக, சொந்தக் கட்சிக்காரர் முன்னால் நாற்காலியில் உட்காரத் தயங்கி நிற்கிறார் வடிவேலு. அதுவரை அவரைப் பார்த்ததும் சிரித்துப் பழகியவர்கள் அன்று சிரிக்கவில்லை.

அதே மாரி செல்வராஜ் 2018இல் எடுத்த பரியேறும் பெருமாளில், பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞராக நாயகனின் அப்பா வருகிறார். ஆண் பெண் வேடம் போட்டாலே சிரிப்பு என்று எத்தனையோ படங்கள் பழக்கியிருந்தன. அந்த அப்பாவை மாணவர்கள் துணியை உருவி ஓடவிடும் காட்சியில், பழைய சிரிப்பின் மறுபக்கம் நமக்குத் தெரிந்தது.

மற்ற நாட்டில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் ‘ஆமாஸ் அண்ட் ஆண்டி’ என்று ஒரு நகைச்சுவைத் தொடர் இருந்தது. 1928இல் வானொலியில் தொடங்கியபோது, வெள்ளையர் இருவர் கறுப்பினத்தவர் போலக் குரலை மாற்றிப் பேசினார்கள். 1951இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே நடித்தார்கள். கறுப்பின மக்களை அது சோம்பேறிகளாகவும் ஏமாற்றுக்காரர்களாகவும் காட்டுகிறது என்று என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமை அமைப்பு எதிர்த்தது. கறுப்பின மக்களிலும் பலர் அதை விரும்பிப் பார்த்தார்கள். நடிகர்களுக்கு அது பிழைப்பு. அதனால் விவாதம் சுலபமாக முடியவில்லை. 1953இல் தொடர் நின்றது. மறுஒளிபரப்பு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 1966இல்தான் சி.பி.எஸ். நிறுவனம் அதையும் விலக்கிக்கொண்டது. புதிய நகைச்சுவை நின்ற பிறகும் பழைய நகைச்சுவை வேலை செய்துகொண்டிருக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

நம் உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில், மாற்றுத்திறனாளிகளைத் திரைப்படங்களில் காட்டுவது பற்றிய நிபுண் மல்ஹோத்ரா வழக்கில், முக்கியமான வேறுபாடு ஒன்றைச் சொன்னது. மாற்றுத்திறனை நன்கு புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்றது. சாதிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நம் வாழ்க்கையிலிருந்து பிறக்கும் சிரிப்பு நமக்கு வேண்டும். நம்மை வெட்டிப் போடும் சிரிப்பு வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது

டி.வி.யை அணைக்கச் சொல்ல மாட்டோம். பத்து மணிநேரம் தறிக்குழியில் காலை வைத்திருப்பவரிடமிருந்து சிரிப்பைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. பழைய படங்களைத் தடை செய் என்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது, காட்சி முடிந்ததும் மூன்று கேள்விகளை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இப்போது எல்லோரும் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? இரண்டு: அவர் செய்த காரியத்துக்காகச் சிரித்தோமா, அவருடைய நிறம், தொழில், பிறப்புக்காகச் சிரித்தோமா? மூன்று: அதே சொல்லை நாளைக்கு உன்னைப் பார்த்து ஒருவன் சொன்னால் சிரிப்பாயா?

பிள்ளைகள் நாம் எதிர்பார்ப்பதைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். வாழைப்பழத்தையும் சொப்பன சுந்தரியையும் அவர்களே பிரித்து வைப்பார்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. ஒரு வாரம், தினமும் ஒரு மணிநேரம், நகைச்சுவைச் சேனலை நோட்டோடு உட்கார்ந்து பாருங்கள். நகைச்சுவை நடிகரின் தொழில் என்ன, அவரை எந்தச் சொற்களால் அழைத்தார்கள், கடைசியில் அடி வாங்கியவர் யார் என்று எழுதுங்கள். தமிழோ சமூகவியலோ படிப்பவர்களுக்கு அதுவே ஓர் ஆய்வுக்கட்டுரை ஆகும். நம்மிடம் கோபம் நிறைய இருக்கிறது; கணக்கு குறைவாக இருக்கிறது.

சாதிப் பெயரை வசவாக ஒளிபரப்பினால் புகார் செய்யவும் வழி உண்டு. சமூகங்களைத் தாக்கும் காட்சிகளையும் சொற்களையும் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறை 1994 முதல் தடை செய்கிறது. 2021இல் வந்த திருத்த விதிகளின்படி, பார்வையாளர் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். சேனல் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அது சரியில்லை என்றால் மேலே போகலாம். எந்தச் சேனல், எந்த நாள், எத்தனை மணி, எந்தச் சொல் என்று குறித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் ஓரமாக வைப்பார்கள். ஒரு தெருவே கையெழுத்துப் போட்டு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் பட்டியல் சாதியினர். டி.வி. முன்னால் சிரிக்கும் ஐந்து பேரில் ஒருவர் நாம். விளம்பரம் கொடுப்பவருக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, தன்னை இப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னால், சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான் விடு என்று அனுப்பிவிடாதீர்கள். என்ன பெயர், யார் சொன்னது, எத்தனை நாளாக என்று கேளுங்கள். மறுநாள் கூடவே பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். ஒருநாள் கூலி போகும். பிள்ளையின் படிப்பு நிற்கும்.